கார் ஷெட்டுக்கு எந்தக் கூரை? தண்ணீர் விழும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்

கார் ஷெட் போடலாம் என்று வெல்டரைக் கூப்பிட்டால், அவர் டேப்பை இழுத்து நீள அகலம் பார்த்துவிட்டு, "பத்துக்குப் பதினெட்டு சார். நூத்தி எண்பது சதுர அடி வருது. ஏ டைப் போட்டுரலாமா, ஆர்ச்சா?" என்று கேட்பார். நாம் போனில் எடுத்து வைத்திருக்கும் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்போம். கூரை முடிவாகிவிடும். அந்தப் படத்தில் மழை பெய்துகொண்டிருக்காது, காற்று அடிக்காது, பக்கத்து வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் என்றும் தெரியாது.

கூரையின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டியவை அந்த மூன்றும்தான். மழைத் தண்ணீர் எங்கே போய் விழும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், ஷெட் எதை ஒட்டி நிற்கிறது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வடிவம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். அழகைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் வகைகள். நம் ஊரில் தகர ஷீட் போட்ட கார் ஷெட்டுகளைச் சுற்றிப் பார்த்தால் மூன்று வடிவம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருக்கும் ஒற்றைச் சாய்ப்பு. நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் இறங்கும் ஏ டைப். வில்லாக வளைந்த ஆர்ச். நாலாவதாக இப்போது புது வீடுகளில் ஒன்று வந்திருக்கிறது: வெளியிலிருந்து பார்த்தால் தட்டையான பெட்டி மாதிரி இருக்கும், சுற்றிலும் பேனல் அடித்து ஷீட்டையே மறைத்திருப்பார்கள். உண்மையில் அதுவும் ஒற்றைச் சாய்ப்புதான், முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவே.

ஷீட்டின் மேடு பள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

வடிவத்துக்குள் போவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரூஃபிங் ஷீட் தட்டையான தகரம் இல்லை. வரிசையாக மேடும் பள்ளமுமாக மடித்திருக்கும். அந்த மடிப்புதான் மெல்லிய தகரத்துக்கு விறைப்பைக் கொடுக்கிறது. அரை மில்லிமீட்டர் தகரத்தை மடிப்பில்லாமல் இரண்டு கம்பிக்கு நடுவே வைத்தால் தன் எடைக்கே தொங்கிவிடும். அதே பள்ளம்தான் தண்ணீர் ஓடும் வாய்க்காலும். ஆகவே கூரையின் வாட்டம் எந்தப் பக்கமோ, மடிப்பும் அந்தப் பக்கமே ஓட வேண்டும்.

இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று தோன்றும். ஆனால் இணையத்தில் உலோக ஷெட் என்று தேடினால் முதலில் வருவது அமெரிக்கக் கம்பெனிகளின் படங்கள். அங்கே ரெகுலர், ஏ ஃபிரேம், வெர்ட்டிக்கல் என்று மூன்று கூரை விற்கிறார்கள். ரெகுலரில் ஓரங்கள் வளைந்திருக்கும், ஏ ஃபிரேமில் கூர்மையாக இருக்கும். ஆனால் இந்த இரண்டிலும் ஷீட்டைப் படுக்கையாக, முன்னாலிருந்து பின்னால் ஓடும்படி போடுவார்கள். வாட்டம் ஒரு பக்கம், மடிப்பு அதற்குக் குறுக்கே. வெர்ட்டிக்கலில்தான் ஷீட் முகட்டிலிருந்து விளிம்புக்கு இறங்கும்.

ஏன் அப்படி? காசுதான். ஷீட்டைப் படுக்கையாகப் போட்டால் வளைத்த குழாய்ச் சட்டங்கள் மேல் நேராகவே ஸ்க்ரூ அடித்துவிடலாம். இறக்கமாகப் போட வேண்டுமென்றால் சட்டங்களுக்குக் குறுக்கே பர்லின் என்னும் இரும்புக் கம்பிகளை வைத்து, அதன்மேல் ஷீட் அடிக்க வேண்டும், முகட்டுக்கு மூடியும் வேண்டும். இரும்பும் கூலியும் கூடுகின்றன. அதனால்தான் அங்கே வெர்ட்டிக்கலுக்கு விலை அதிகம், பனியும் மழையும் மிகுந்த இடங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறார்கள். படுக்கையாகப் போட்டால் ஒவ்வொரு மேடும் ஒரு வரப்பாகத் தண்ணீரைத் தடுக்கும். தூசியும் இலையும் அங்கேயே தங்கும். இரண்டு ஷீட் சேரும் இடம் நேராகத் தண்ணீருக்கு முகம் காட்டி நிற்கும்.

நம் வெல்டர்கள் பெரும்பாலும் பர்லின் வைத்து இறக்கமாகவே போடுகிறார்கள். இருந்தாலும் "படத்துல இருக்கிற மாதிரி" என்று அமெரிக்க ரெகுலர் படத்தைக் காட்டினால் அவரும் அப்படியே செய்து கொடுத்துவிடுவார். நாம்தான் கேட்டோமே.

தண்ணீர் எங்கே விழும்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 180 சதுர அடி என்பது ஏறக்குறைய 16.7 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரு நாள் 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்தச் சின்னக் கூரையிலிருந்து 1,670 லிட்டர் இறங்கும். வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றரைக்கும் மேல். ஒற்றைச் சாய்ப்பு என்றால் அத்தனையும் ஒரே விளிம்பில் விழும். ஏ டைப் என்றால் இரண்டு பக்கமும் பாதி பாதி.

இப்போது உங்கள் இடத்தைப் பாருங்கள். கார் ஷெட் பெரும்பாலும் காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் கிடைக்கும் பத்து பன்னிரண்டு அடிச் சந்தில்தான் வரும். இந்த இடத்தில் ஏ டைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு பாதித் தண்ணீர் காம்பவுண்டு சுவர் மேல், சில சமயம் அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டில். இன்னொரு பாதி உங்கள் வீட்டுச் சுவரில், ஜன்னல் சன்ஷேடில். பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் மழைக்காலச் சண்டைகளில் பாதி இப்படி ஆரம்பிப்பவைதான். அழகான ஏ டைப் கூரை தெரு முழுக்கப் பார்க்கும்படி நிற்கும், உள்ளே சுவரில் ஓதம் ஏறும்.

சந்தில் போடும் ஷெட்டுக்கு என் ஓட்டு ஒற்றைச் சாய்ப்புக்கே. எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதுதான் கேள்வி. வீட்டுப் பக்கம் சாய்க்கவே கூடாது. காம்பவுண்டுப் பக்கம் சாய்க்கலாம், ஆனால் ஷீட்டின் விளிம்பு நம் சுவருக்கு உள்ளேயே நிற்க வேண்டும், அங்கே கட்டரும் (விளிம்புத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் தகர வாய்க்கால்) பைப்பும் வேண்டும். முன்பக்கம் கேட்டை நோக்கிச் சாய்த்தால் கட்டர் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், தண்ணீர் தரையில் விழுந்து தெருவுக்கு ஓடும். ஆனால் மழையில் கார் உள்ளே வரும்போது ஒரு தண்ணீர்த் திரையைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும், இறங்கிப் போய் கேட்டைச் சாத்துகிறவர் முழுக்க நனைவார். பின்பக்கம் இடம் இருந்தால் அங்கே சாய்ப்பதுதான் நல்லது. கட்டரிலிருந்து வரும் பைப்பை மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் 2003லிருந்து எல்லா வீட்டிலும் அந்தக் குழி இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிற குழிக்குத் தண்ணீர் வரட்டுமே.

வாட்டம் எவ்வளவு? பத்து அடிக்கு ஒரு அடி இறக்கம் இருந்தால் ஷீட் கூரைக்கு நிம்மதி. பத்தடி அகலத்தில் தாழ்ந்த பக்கம் ஏழரை அடி என்றால் உயர்ந்த பக்கம் எட்டரை. எட்டடிக்கு மேல் போனால் அசிங்கமாக இருக்கும் என்று சிலர் பத்தடிக்கு நாலு இஞ்ச் மட்டும் விடச் சொல்வார்கள். அவ்வளவு குறைந்த வாட்டத்தில் காற்றோடு அடிக்கும் மழை ஷீட்டின் இணைப்பில் மேல்நோக்கி ஏறும். முகமூடிப் பெட்டிக் கூரையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வெளியே பேனலின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காக உள்ளே வாட்டத்தைத் தின்றுவிடுவார்கள். கட்டரும் பேனலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒரு மாவிலை அடைத்தால் போதும், தண்ணீர் வெளியே வழியாமல் கார் மேல் வழியும். அந்த வடிவம்தான் வேண்டும் என்றால், பேனல் ஒன்றரை அடி உயரம் வந்தாலும் பரவாயில்லை, வாட்டத்தைக் குறைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு கார் நிற்கும்படி இருபதடி அகலம் வந்தால் கணக்கு மாறுகிறது. அதே வாட்டத்துக்கு ஒற்றைச் சாய்ப்பு இரண்டு அடி ஏற வேண்டும், கீழ் விளிம்புக்கு வரும் தண்ணீரும் இரட்டிப்பு. அதுவும் ஷெட் நாலு பக்கமும் காலியாக, தோட்டத்து நடுவில் நிற்கிறது என்றால், ஏ டைப் தாராளமாகப் போடலாம். தண்ணீர் இரண்டு பக்கமும் மண்ணில் விழட்டும். முகடு உயர்வதால் சூடான காற்றும் தலைக்கு மேலே தள்ளி நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நல்ல சரிவான ஏ டைப்தான்.

ஆர்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க லட்சணமாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வில்லின் உச்சியில் இரண்டு மூன்று அடிக்கு வாட்டமே இருக்காது, அது தட்டைக் கூரைதான். மடிப்புள்ள தகர ஷீட் தானாக வளையாது, அதற்கென்று மிஷினில் சுருக்கு வைத்து வளைத்து வாங்க வேண்டும். அதனால்தான் நம் ஊர் ஆர்ச்சுகளில் பெரும்பாலும் பாலிகார்பனேட் ஷீட் இருக்கும். அதை வளைப்பது சுலபம். வெயில் தாங்கும் பூச்சு அதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். ஒட்டியிருக்கும் மேல்தாளில் எழுதியிருக்கும், தாளை உரிப்பதற்கு முன் பாருங்கள். தலைகீழாகப் போட்ட ஷீட் சீக்கிரமே மஞ்சளடித்து நொறுங்கும். மேலே தென்னை மரம் இருக்கிறதென்றால் பாலிகார்பனேட் பேச்சையே எடுக்க வேண்டாம்.

விழுவதல்ல, பறப்பதுதான் பயம்

கூரை என்றாலே தலையில் விழுந்துவிடுமோ என்றுதான் நினைக்கிறோம். அதனால் தூணைத் தடியாகப் போடச் சொல்கிறோம். தகர ஷெட்டில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. அரை மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு நாலரை கிலோ அளவில்தான் வரும். நம் பத்துக்குப் பதினெட்டுக்கு மொத்த ஷீட்டும் 75 கிலோ, ஒரு ஆள் எடை.

காற்றின் கணக்கைப் பாருங்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875, அதன் மூன்றாம் பகுதி, ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகத்தைச் சொல்கிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47. கோவைக்கும் மதுரைக்கும் 39. எப்போதும் அடிக்கிற காற்று இல்லை இது, ஐம்பது வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய பலத்த வீச்சு. 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் வரும். நம் கூரைக்கு இரண்டரை டன். வாட்டம், உயரம், சுற்றியுள்ள சுவர்களைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனாலும் 75 கிலோ தகரத்தின் அடியில் டன் கணக்கில் தூக்கும் விசை வரலாம் என்பது புரிகிறது அல்லவா? வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. அதனால்தான் 39க்கும் 50க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், சென்னையில் அழுத்தம் கோவையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 2016 வர்தாவும் 2018 கஜாவும் அடித்த ஊர்க்காரர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

வடிவம் இங்கேதான் வருகிறது. ஒற்றைச் சாய்ப்பின் உயர்ந்த பக்கம் காற்றைப் பார்த்துத் திறந்திருந்தால், காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். மூன்று பக்கம் சுவர் எழுப்பி ஒரு பக்கம் மட்டும் திறந்து, அந்தப் பக்கமே காற்றும் அடித்தால் அதைவிட மோசமான நிலை இல்லை. உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. ஆகவே தாழ்ந்த பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் கொடுங்கள். கோவை, பொள்ளாச்சி, தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றுதான் பெரிது, ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்களே, அது. கடற்கரை மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், தாழ்ந்த விளிம்பு அந்தப் பக்கம் இருந்தால் காரின் மேல் சாரலும் குறையும். ஆனால் புயலை நம்ப முடியாது. மையம் கடந்த பிறகு காற்று திசை மாறி எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அதனால் கடலோரத்தில் திசையைப் பார்த்து மட்டும் தப்பிக்க முடியாது, பிடிமானம்தான் காப்பாற்றும்.

பிடிமானம் என்றால் தூணின் தடிமன் இல்லை, தூணின் கால். ஒன்றரைக்கு ஒன்றரை அடி, இரண்டடி ஆழத்தில் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டால் ஒரு குழிக்குச் சுமார் 300 கிலோ எடை கிடைக்கும். நாலு தூணுக்கு 1,200 கிலோ. சிமெண்ட் தரை மேலேயே தகடு வைத்து நாலு போல்ட் அடித்து நிறுத்தினால் அந்த எடையெல்லாம் கணக்கில் வராது, மூன்று இஞ்ச் தரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் தூண் வைத்து மறுபக்கம் அந்தரத்தில் நீட்டும் வடிவமும் இப்போது நிறைய வருகிறது. காரை எடுக்க வசதிதான், கதவு தூணில் இடிக்காது. ஆனால் அத்தனை விசையும் அந்த ஒரு வரிசைக் காலில் திருகும். அதற்கு மட்டும் வெல்டரின் அனுபவத்தோடு நிற்காமல் ஒரு இன்ஜினியரிடம் காட்டுங்கள். கோவையில் நின்ற டிசைன் கடலூரில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சுவரைத் தொடும் இடம்

ஒற்றைச் சாய்ப்பை வீட்டுச் சுவரோடு சேர்த்துப் போடும்போது, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். அதைப் பெரும்பாலும் சிமெண்ட் கலவை வைத்து அடைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வெயில்காலம் தாங்காது. 18 அடி நீளத் தகரம் இரவின் குளிர்ச்சிக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் வந்தால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும், திரும்பச் சுருங்கும். சாயங்காலம் தகரக் கூரை டக் டக் என்று சத்தம் போடுவது இதனால்தான். சிமெண்ட் அப்படி நீளாது, விரிசல் விடும், அந்த விரிசல் வழியே தண்ணீர் சுவரில் இறங்கும். சரியான வழி: சுவரில் கிரைண்டரால் ஒரு காடி வெட்டி, எல் வடிவில் மடித்த தகரத்தின் ஒரு விளிம்பை அதில் செருகி சீலண்ட் அடைக்க வேண்டும். மறு விளிம்பு ஷீட்டின் மேல் சும்மா படுத்திருக்கும். ஷீட் அதன் அடியில் நகர்ந்துகொள்ளும். இன்னும் சுலபமான வழி, ஷெட்டைச் சுவரோடு சேர்க்காமல், அதன் உயர்ந்த விளிம்பை வீட்டின் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுவது.

ஸ்க்ரூவும் அப்படித்தான். கூரையில் மடிப்பின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீரில் ஓட்டை போட்ட மாதிரி. ரப்பர் வாஷர் லேசாக நசுங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். பிதுங்கி வெளியே வரும்வரை முறுக்கினால் அது ஒரே வெயிலில் வெடித்துவிடும்.

சோலார் பேனல் வைக்கும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு 8 டிகிரிக்கும் 13.5 டிகிரிக்கும் இடைப்பட்ட அட்சரேகையில் இருப்பதால், தெற்கு நோக்கிப் பத்து டிகிரி அளவில் சாய்ந்த கூரை பேனலுக்கு மிகவும் பொருந்தும். அதாவது தெற்கே சாய்ந்த ஒற்றைச் சாய்ப்பு, வாட்டம் கொஞ்சம் கூட்டி. பேனல் எடை சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ அளவில் வரும், தகரத்தைவிட இரண்டரை மடங்கு. அதற்கேற்ற பர்லின் இப்போதே போட்டுவிட்டால் நல்லது, பிறகு ஷீட்டைக் கழற்றித்தான் போட வேண்டியிருக்கும்.

வடிவம் முடிவானதும் ஷீட்டை அளவு சொல்லி வாங்குங்கள். கலர் ஷீட் வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கிடைக்கும், ஆகவே முகட்டிலிருந்து விளிம்புவரை இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகப் போடலாம். பத்தடி அகலத்துக்கு, இரண்டு பக்கமும் அரை அடி வெளியே நீட்டி, பதினோரு அடி ஷீட். ஒரு ஷீட் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தை மூடும் என்பதால் 18 அடிக்கு ஆறு ஷீட். தடிமனைக் கேட்கும்போது பெயிண்டோடு சேர்த்தா, இரும்பு மட்டுமா என்று கேளுங்கள், கடையில் சொல்லும் 0.50 பெரும்பாலும் பூச்சோடு சேர்த்துத்தான். அளவு தவறி ஷீட் மிஞ்சினால் கூரை மேல் வைத்து கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். பறக்கும் பொறி பக்கத்து ஷீட்டின் பூச்சில் ஒட்டி, அடுத்த மழையில் அங்கங்கே துருப்புள்ளியாக வரும். கீழே இறக்கி, தகரக் கத்தரியால் வெட்டட்டும்.